இடவலம்

ஊராக் நகரத்துக்கு மேலே
பாழடைந்த கோட்டை; அதன் வடக்குச் சுவர்.
சிமென்ட் பூசுவதற்கு முன்
அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று
எண்ணிச் சொல்வது என் வேலை.
அரை மீட்டர் மரச்சட்டம், லென்ஸ்,
ஈரத்திலும் எழுதும் பென்சில்,
முழங்காலுக்கு ஒரு ரப்பர் பாய்.

வெயிலில் வந்தால் கல்தான் இருக்கும்.
மழை பிடிக்க வேண்டும்.
பிடித்து அரைமணி கழித்து
ஒவ்வொரு இடுக்கிலிருந்தும்
பழுப்பாக, நெல்லைவிடச் சற்றே நீளமாக,
வரிவரியாய்க் கோடு தெரிய
புறப்பட்டு வருகின்றன
கதவு நத்தைகள்.

தொண்டைக்குள்ளே கரண்டி மாதிரி ஒரு தகடு.
உடம்பை இழுத்துக்கொண்டால்
பின்னாலேயே அது சாத்திக்கொள்ளும்.
நான் கதவு தட்டுவதில்லை.
சட்டத்தைச் சுவரில் வைத்து
தலையை எண்ணுகிறேன்.

பாசியைச் சுரண்டும்போது
கொஞ்சம் சாந்தும் வயிற்றுக்குப் போகிறது.
யாரோ ஒரு பிரபு எழுப்பிய மதில்
இப்படித்தான்
முதுகுமுதுகாக ஏறி
நடந்து போய்க்கொண்டிருக்கிறது.

படிவத்தில் ஒரு பத்தி: சுருள் எந்தப் பக்கம்.
கூர்முனை மேலே இருக்கப் பிடித்தால்
வாய் இடப்பக்கம்.
அதனால் இவை இடம்சுழி என்கிறது அறிவியல்.
அதே ஓட்டைத் தலைகீழாக,
நம்மவர்கள் சங்கைப் பிடிக்கிறபடி பிடித்தால்
வாய் வலப்பக்கம் வந்துவிடும்.
வலம்புரி!
சுவர் முழுக்க வலம்புரி.
மழைக்கு மழை இறங்கி வந்து
யாரும் கற்பூரம் காட்டாமல்
பாசி தின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது.

தூத்துக்குடியில் என் சித்தப்பா மகன் எபனேசர்
அமெரிக்கக் கடலின் ஏதோ ஒரு சிப்பியை
வலம்புரி என்று விற்று
இரண்டு மாடி கட்டினான்.
பூசை அறை வைத்த வீடுகளுக்கெல்லாம்
வேதக்கோயில் பையன்தான் சப்ளை.
அவனுக்குப் படம் அனுப்பினேன்.
'சைஸ் பத்தாதுடே' என்று பதில் போட்டான்.

பத்தொன்பதாம் கட்டத்தில்
ஒன்று மாறிச் சுழன்றிருந்தது.

லென்ஸைத் துடைத்தேன்.
ஓட்டைத் திருப்பினேன்; என்னையே திருப்பிக்கொண்டு
மலைச்சரிவுப் பக்கமாக நின்றும் பார்த்தேன்.
மாறித்தான் சுழன்றிருந்தது.
நம் கடலில் படிக்கு எத்தனையோ கிடைக்கும்
சாதாரண இடம்புரி;
இந்தச் சுவரில் இது மட்டும்.
இதற்கு இணை சேர்வது கடினம்.
கொம்பு நீட்டிக் கூப்பிட்டாலும்
உடம்பின் வாசல் மறுபக்கம் இருக்கிறது.

இப்படி ஒன்று அகப்பட்டால்
சாராயக் குப்பியில் இட்டு, தேதி ஒட்டி
ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும்.
விதி அது.
குப்பியைத் திறந்தேன். வாசனை குப்பென்று வந்தது.
உள்ளங்கையில் அது
கதவைச் சாத்தவில்லை.
என் ஆயுள் ரேகையின் குறுக்கே
எச்சில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

குப்பியை மூடினேன்.

கொத்தனார் வென்டெலின் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.
சொன்னேன்.
'உங்கள் ஊரில் என்ன விலை போகும்?'
'எங்கள் ஊரில் இதற்கு விலையில்லை.
இதைத் தவிர மற்றதற்கெல்லாம் உண்டு.'
அவருக்குப் புரிந்திருக்காது.
சுண்ணக்கட்டி எடுத்து
அந்தக் கல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
'இதைத் தொடமாட்டேன்.
மற்றதெல்லாம் சிமென்ட்.
டெண்டர் போன மாதமே முடிந்துவிட்டது.'

மழை விட்டிருந்தது.
இடுக்கு ஒவ்வொன்றாகக் காலியானது,
அதாவது நிறைந்தது.
வட்டத்தின் ஒரு பக்கம்
ஏற்கெனவே கரைந்து வழிந்திருந்தது.

வண்டியில் உட்கார்ந்து கணக்கை முடித்தேன்.
மொத்தம் என்ற கட்டத்தில்
நானூற்றுப் பதினொன்று,
ஒரு கூட்டல் குறி,
ஒன்று.
கூட்டவில்லை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.